மச்சான் நிச்சயத்தில் பொரிந்த கோழிக்குஞ்சு

மாமனார் துக்கத்தில் இருக்கும்போது மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. ஆறுதல் என்று நினைத்து நாம் விடும் ஒரு வார்த்தை இரண்டு வாரம் நம்மைத் தூங்கவிடாமல் அடித்து, கடைசியில் மேடையேற்றி மைக்கையும் கையில் கொடுத்துவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டதற்காக வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் வருடம். நான் அப்போது அண்ணாமலை நகரில் இயற்பியல் ஆய்வகம் ஒன்றில் டெக்னீஷியன். செல்வியைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு, சிதம்பரத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தேன். செல்வியின் அப்பாவுக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் சொந்தப் படகு. நானோ விருத்தாசலம் பக்கம், முந்திரிக்காட்டு ஆள். (எங்களுக்குக் கடல் என்றால் ஸ்கூல் டூர்.) மகளின் பிடிவாதத்துக்காக மாமா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். மாப்பிள்ளைக்குச் சம்மதித்தாரா என்பது வேறு விஷயம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மறுவீட்டு விருந்தில் முதல் கவளத்திலேயே மீன் முள்ளைத் தொண்டையில் மாட்டிக்கொண்டேன். அத்தை சோற்றை உருட்டி உருட்டி என் வாயில் போட, பாதித் தெரு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு ஒரு நாள் எல்லோரும் பிச்சாவரம் போனோம். துடுப்புப் படகு. அலையே கிடையாது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே அசையாமல் கிடக்கும் தண்ணீர். அதில் எனக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. நாற்பது வருடம் கடலுக்குப் போய் வந்த மனிதர், எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "எறங்கி நடந்துடுறீங்களா மாப்ள? முட்டியளவு தண்ணிதான்" என்றார். கேலி இல்லை. உண்மையான அக்கறை. அதுதான் இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து வெளியாட்களிடம் என்னை, "நம்ம செல்வி வூட்டுக்காரரு. காலேஜுல ஏதோ வேலையா இருக்காரு" என்றுதான் அறிமுகப்படுத்துவார். அந்த 'ஏதோ'வில் கடல் அளவு ஆழம் இருக்கும்.

இப்போது கோழிக்கு வருகிறேன்.

சுனாமியில் மாமாவின் வீடு போனது, வலைகள் போயின, படகு ரெண்டாக உடைந்து எங்கோ கரையேறிக் கிடந்தது. மனிதர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், நின்றிருந்த ஒரே சுவரின் மேல் அவர்கள் வீட்டுப் பெட்டைக்கோழி உட்கார்ந்திருந்ததாம். தலையில் பூச்செண்டு மாதிரி கொண்டை வைத்த கோழி. கொண்டச்சி என்று பெயர். பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு அவர்கள் எடுத்துப்போன ஒரே சொத்து அதுதான். அதன் மகள், பேத்தி என்று வம்சம் வளர்ந்தது. விற்கவும் மாட்டார், அறுக்கவும் மாட்டார். வியாபாரம் பேச வருகிறவர்களிடம்கூட அந்தக் கோழியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்.

அந்த வருடம் வம்சத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பேத்திக்கோழி. அடைக்கு உட்கார்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நானும் செல்வியும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்ச் சேர்ந்தபோது மாமா கொல்லையில் குந்தி உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. கூடையில் முட்டைகள் மட்டும் கிடந்தன, இன்னும் வெதுவெதுப்பாக. அக்கம்பக்கத்தில் அடைக்கோழி எதுவும் இல்லை. அத்தை கேட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். மாமா எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வரச் சொல்லி மகனிடம் நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"குடுங்க மாமா. நான் பொரிக்க வெச்சுக் காட்றேன்."

அதற்கு முன்னால் நான் பொரித்தது அப்பளம் மட்டும்தான். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வழியில்லாத மனிதரின் பார்வை அது. கூடை என் கைக்கு வந்தது. செல்வி பஸ்ஸில் ஏறியதும் கூடையை என் மடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "முள்ளு, வாந்தி, இப்ப முட்டை" என்று மட்டும் சொன்னாள்.

மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி ஒன்றை மாமா வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். எத்தனை முறை கழுவினாலும் சங்கரா மீன் வாசம் போகாத பெட்டி. அதில் நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர், ஈரப்பதத்துக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர். செல்வி முட்டைகளின் ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தாள், திருப்பி வைக்கும்போது குழம்பாமல் இருக்க. எல்லாம் இயற்பியல்தானே என்று இருந்தேன். இயற்பியலுக்கு மின்சாரம் வேண்டும் என்பதுதான் இடித்தது. அந்த வருடத்துக் கரண்ட் கட்டைத் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பல்பு அணைந்தால் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில்களை வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் வெந்நீரில் சுருங்கிப்போனது. பெட்டியில் அடங்கும் அளவில் கண்ணாடி பாட்டில் என்றால் குவார்ட்டர் பாட்டில்தான். அது எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேலை விட்டு வரும் வழியில் ரோட்டோரம் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டு ஓனர் பார்த்துவிட்டார். மறுநாள் செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி நல்ல பையனாத்தான தெரிஞ்சாரு, வூட்ல எதுனா பிரச்சனையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள், "ஆமாங்க, முட்டை போட்டுட்டு உக்காந்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு என்ன புரிந்ததோ, அதன் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபமாகச் சிரித்தார்.

ஒரு வாரம் போனதும் இருட்டு அறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். முட்டைக்குள் சிவப்பு நரம்புகள், நடுவே கறுப்பாக ஒன்று துடித்தது. செல்வி டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி எல்லா முட்டைகளையும் தானே பார்த்தாள். அன்றிலிருந்து நான் ஆய்வகத்தில் இருக்கும்போது போன் செய்து, "பசங்களுக்கு வெந்நி மாத்திட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

மாமா மட்டும் போனில் கோழியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் கெட்ட செய்தி வரும் என்று பயந்தார் போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. ஒரேயடியாகக் குஞ்சுகளைக் கொண்டுபோய்க் காலடியில் விட்டு அசத்துவதாகத் திட்டம்.

இதற்கிடையில் செல்வியின் தம்பி குமாருக்குப் பெண் அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பெண் மஞ்சுளா, பிரசவ வார்டில் நர்ஸ். என் கணக்குப்படி நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே எல்லாம் பொரிந்திருக்க வேண்டும். ஆனால் கோழி அடைக்கு உட்கார்ந்தது அமாவாசைக்கு முன்னாலா பின்னாலா என்பதில் அத்தைக்கே குழப்பம். நிச்சயத்துக்கு முதல் நாள் ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. நாத்தனார் முறை செய்ய வேண்டியவள் என்பதால் செல்வி அன்றே கடலூருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது ஒரு செய்தி சொன்னாள். மேடையில் நிச்சயப் பத்திரிகையை வாசிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுக்க அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"நாந்தான் பேசி வாங்கியிருக்கேன். படிச்ச மாப்ள வாசிக்கட்டும்னு. முட்டை இருந்தா இருக்கட்டும், நீங்க நேரத்துக்கு மண்டபத்துல இருக்கணும்" என்றாள்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை. பட்டு வேட்டியை எடுத்துத் தயாராக வைத்தேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால், உள்ளேயிருந்து என்னைப் பார்த்து ஒரு குஞ்சு கத்தியது. பக்கத்தில் இன்னொன்று ஈரத்தோடு புரண்டுகொண்டிருந்தது. மற்ற முட்டைகளில் விரிசல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் பரீட்சை பாஸானபோதோ வேலை கிடைத்தபோதோ அப்படி ஒரு கர்வம் வந்ததில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை திறந்து ரசித்தேன். அப்படித் திறக்கத் திறக்க உள்ளே இருக்கும் ஈரக் காற்று போய்விடும், ஈரம் போனால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன செய்ய? முதல் குழந்தையைப் பார்க்க வந்த அப்பனிடம் தொட்டிலை மூடி வை என்றால் வைப்பானா?

பிறகு கரண்ட் போனது. இனி சாயங்காலம்தான் வரும்போல. பெட்டியை விட்டுவிட்டுப் போனால் மிச்ச முட்டைகள் செத்துவிடும். போகாமல் இருந்தால் நான் செத்துவிடுவேன். யோசிக்க ஒன்றும் இல்லை. வெந்நீர் பாட்டில்களை நிரப்பினேன், ஈரத்துணி வைத்தேன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மீன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்காத குறையாக பஸ் ஏறினேன்.

கண்டக்டர் பெட்டியை முகர்ந்தார். பிறகு என் பட்டு வேட்டியைப் பார்த்தார். "கடலூருக்கு இங்கேர்ந்து மீன் எடுத்துட்டுப் போறவர இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னார். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். புதுச்சத்திரம் தாண்டும்போது உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார். முன் சீட்டு அம்மா கைப்பையைத் துழாவினார். அந்த நாளில் எல்லோருக்கும் ஒரு குருவி ரிங்டோன் இருந்தது. ஆலப்பாக்கம் வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் யாருக்கோ 'ஹலோ' சொல்லிவிட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் ஒரு கூட்டமே இருந்தது. ஒரே ஒரு முட்டை மட்டும் பாக்கி. ஓட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு மூக்கு நுனி. மூக்கு திறந்து மூடியது. அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை.

பாட்டில்கள் ஆறிவிட்டன. மண்டபத்திலும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் மேடைக்கும் வீடியோவுக்கும் மட்டும். வெந்நீர் எங்கே இருக்கும்? சமையல்கட்டில். பெட்டியோடு உள்ளே நுழைந்தேன்.

சமையல் மாஸ்டர் பெட்டியைத் திறந்து பார்த்த வேகத்தில் கரண்டியைக் கீழே வைத்தார். சுபகாரியம், சுத்த சைவச் சமையல். மீனவர் வீடாக இருந்தாலும் நிச்சயத்தன்று மண்டபத்துக்குள் முட்டை ஓடுகூட வரக் கூடாது என்று பேசித்தான் அவர் ஒப்புக்கொண்டிருந்தாராம். முட்டை, அதுவும் மீன் பெட்டியில். அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன் என்றார். பாயசத்துக்கு முந்திரி கேட்க வந்த பெண் வீட்டு அம்மா ஒருவர் இதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில், மாப்பிள்ளை வீட்டார் சைவச் சமையலில் முட்டையைக் கொண்டுவந்து கலக்கிறார்கள் என்று பெண் வீட்டுப் பக்கம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அத்தை தலையில் கைவைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே மாமா.

நான் பேச வாயெடுத்தேன். மாமா என்னைக் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. அவர் கையை உள்ளே விட்டார். ஒன்று அவர் விரலைக் கொத்தியது. ரொம்ப நேரம் அந்தக் கையை அவர் எடுக்கவே இல்லை.

பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "இது முட்ட இல்ல மாஸ்டரு. எங்க வூட்டு ஆளுங்க. கொஞ்சம் வெந்நி குடு."

மாஸ்டர் குடுத்தார். பெட்டி மணமகன் அறைக்குப் போனது.

அங்கே குமார் நெற்றியில் சந்தனத்தோடு இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேறு கவலை. மஞ்சுளா காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. பெண் பார்த்த அன்றும் அப்படித்தான். "என்ன பாத்து ஒரு தபாகூட சிரிக்கல மாமா. வூட்ல கட்டாயப்படுத்திட்டாங்களோ?" என்றான். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கவனம் அந்தக் கடைசி முட்டையில் இருந்தது. மூக்கு இப்போது மெதுவாகத்தான் அசைந்தது. சத்தமும் சன்னமாகிவிட்டது. நனைத்த கைக்குட்டையில் அதைச் சுற்றிக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடும்டா" என்றேன். குமார் தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது, பத்திரிகை வாசிக்க வேண்டிய செல்வி மாப்பிள்ளை எங்கே? முட்டையைக் கீழே வைத்தால் குளிர்ந்துவிடும். வேறு யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை. பட்டுச் சட்டையின் மார்புப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

ஒரு கையில் பத்திரிகை, ஒரு கையில் மைக். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு வீட்டுச் சனமும். நிமிர்ந்து நின்று கணீரென்று ஆரம்பித்தேன்.

"நிகழும் மங்களகரமான..."

மைக் என் மார்புக்கு நேராக இருந்தது. ஸ்பீக்கரில் "கீ" என்றது.

மைக் செட்காரர் ஓடிவந்து வயரை ஆட்டிவிட்டுப் போனார். நான் தொடர்ந்தேன். மணமகன் பெயரைச் சொன்னதும் "கீ". மணமகள் பெயரைச் சொன்னதும் "கீ, கீ". சனம் அண்ணாந்து கூரையைப் பார்த்தது, குருவி ஏதும் புகுந்துவிட்டதா என்று. "இரு வீட்டாரின் முழுச் சம்மதத்துடன்" என்று நான் வாசித்தபோது, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி நீளமாக ஒரு கத்தல் கத்திவிட்டு அது நின்றுபோனது. அதன் பிறகு சத்தமே இல்லை.

நானும் நின்றுவிட்டேன். செத்துவிட்டது என்று நினைத்தேன். பத்திரிகையை நாட்டாரின் மடியில் வைத்துவிட்டுப் பையிலிருந்து முட்டையை எடுத்தேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள், எது பாதியில் நிற்கிறது என்ற எண்ணமே இல்லை. செல்வி பக்கத்தில் வந்து என் முழங்கையைக் கிள்ளினாள். அதுவும் உறைக்கவில்லை.

அப்போது காலையிலிருந்து நிமிராத தலை ஒன்று நிமிர்ந்தது.

"கையில என்னண்ணே?" என்றாள் மஞ்சுளா.

காட்டினேன். மாலையை ஒதுக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். மூக்கு அசைகிறதா என்று விரலைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. சவ்வு காய்ந்து தலையோடு ஒட்டியிருந்தது. நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும், ஆனால் வெதுவெதுப்பும் வெளிச்சமும் வேண்டும் என்றேன். அவள் வீடியோக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பெரிய லைட்டை இறக்கிக் கிட்டே பிடிக்கச் சொன்னாள். பழக்கப்பட்ட ஆஸ்பத்திரிக் குரல். அவர் மறுபேச்சில்லாமல் பிடித்தார். அடுப்பு மாதிரி அனல் அடித்தது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கைக்குட்டை நுனியைச் செம்பு நீரில் நனைத்துச் சவ்வின் மேல் ஒற்றினேன். ஊறவிட்டு, ஓட்டை ஒரு சில்லு பெயர்த்தேன். மறுபடி ஒற்றினேன். இன்னொரு சில்லு. சவ்வு நெகிழ்ந்து தலை கொஞ்சம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்த மாமா மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. அந்தத் தலையில், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கொண்டை இருந்தது. பெட்டியில் இருந்த எதற்கும் இல்லாத கொண்டை.

எனக்குக் கை பரபரத்தது. மிச்ச ஓட்டையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம் என்று நகத்தை வைத்தேன். சவ்வில் புள்ளியாக ரத்தம் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, நிறுத்துங்க" என்றாள் மஞ்சுளா. "சவ்வுல இருக்குற ரத்தத்தக் குஞ்சு இன்னும் உள்ள வாங்கிக்கல. கொஞ்ச நேரம் வுடுங்க."

நிறுத்தினேன். என் ஆயுளில் நான் செய்த கடினமான காரியங்களில் அதுவும் ஒன்று.

நாட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மனிதர் சுனாமிக்கு முன்னாலிருந்து அந்தக் கோழி வம்சத்தை அறிந்தவர். "அது ஆவும்போது ஆவட்டும். நீங்க தட்ட மாத்துங்க" என்றார். மஞ்சுளா முட்டையை என்னிடமிருந்து வாங்கி, நிச்சயப் புடவையின் மடிப்பில் வைத்துக்கொண்டாள். நான் பத்திரிகையின் மிச்சத்தை வாசித்தேன். (என்ன வாசித்தேன் என்று இன்றுவரை தெரியாது.) வெற்றிலை பாக்கு, பழம், பூ, தட்டு மாறியது. வீடியோக்காரர் தட்டைப் படம் பிடிக்க லைட்டைத் திருப்பும்போதெல்லாம் மஞ்சுளா கண்ணாலேயே அதட்டி இந்தப் பக்கம் திருப்பவைத்தாள். குமார் மோதிரம் போட்டபோதுகூட அவள் ஒரு கைதான் நீட்டினாள். மறு கை மடியில் இருந்தது.

செல்வி குங்குமம் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மடியில் ஒரு உதை. ஓடு இரண்டாகப் பிரிந்தது. கொழகொழவென்று, கழுத்து நிற்காமல், உலகத்திலேயே அசிங்கமான ஒரு ஜீவன் தங்க ஜரிகையின் மேல் உருண்டு விழுந்து, தலையைத் தூக்கி, குமாரைப் பார்த்துக் கத்தியது.

மஞ்சுளா சிரித்தாள். வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கி, பல்லெல்லாம் தெரிய. குமாரைத் திரும்பிப் பார்த்து, "உங்கள மாதிரியே முழிக்குது" என்றாள். குமாரும் அதே முழி முழித்தான். அதைப் பார்த்து அவள் மேலும் சிரித்தாள். காலையிலிருந்து தலை குனிந்திருந்ததற்குக் காரணம், இரவு டூட்டி முடித்து நேராக வந்ததால் தூங்கி வழிந்துகொண்டிருந்தாளாம். அது எங்களுக்குச் சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது.

இவ்வளவு நடந்தும் நான் பெருமைப்படுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அன்றைய வீடியோவில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகமும் சரியாக விழவில்லை. முக்கால்வாசி என் கட்டைவிரலும் ஒரு முட்டையும்தான். நிச்சயப் புடவையில் விழுந்த கறை போகவே இல்லை. என்னுடைய பட்டுச் சட்டைப் பையிலிருந்து இன்றைக்கும் சங்கரா மீன் வாசம் வரும். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர், பாயசத்தில் முட்டை கலந்திருந்தது என்று இப்போதும் அடித்துச் சொல்கிறார். ஆனால் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மஞ்சுளா சிரிக்கும் படம் இருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பை வரவழைக்க எந்த போட்டோகிராபராலும் முடியாது.

அந்தக் குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் அகன்றுபோய் நிற்க முடியவில்லை. பேண்ட்-எய்டைக் கிழித்து இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். சில நாளில் நடந்தது, பிறகு ஓடியது. வளர்ந்து பார்த்தால் சேவல். கொண்டை வைத்த, திமிர் பிடித்த சேவல். உயிர் கொடுத்தவன் என்ற மரியாதை துளியும் கிடையாது. நான் மாமனார் வீட்டுக்குள் காலை வைத்தால் தெருமுனை வரை துரத்தும். மாமா கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் காப்பாற்றுவார். காப்பாற்றிய கையோடு பக்கத்தில் நிற்பவரிடம், "நம்ம மாப்ள. அண்ணாமலை நகர்ல லேப்ல இருக்காரு. இந்தச் சாவல இவருதான் பொரிச்சாரு" என்பார். 'ஏதோ' போய்விட்டது. முள் இல்லாத வஞ்சிர மீன் துண்டைத் தேடி என் தட்டில் வைக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

குமாருக்கும் மஞ்சுளாவுக்கும் கல்யாணமாகி, அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தோம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. குமார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லோரையும்விட ஜாஸ்தியாக நடந்துகொண்டிருந்தேன். கதவு திறந்து ஒரு நர்ஸ் வெளியே வந்து, குழம்பிய முகத்தோடு எங்களைப் பார்த்தாள்.

"இங்க கோழி அண்ணன் யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"மஞ்சுளா சிஸ்டர் உள்ளேர்ந்து சொல்லி அனுப்பினாங்க. நல்லாத்தான் போயிட்டிருக்காம், நீங்க உள்ள வந்து உதவி செய்யவேணாமாம்."

மாமா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வராந்தா அதிர்ந்தது. சிரித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கத்தல் கேட்டது, பையன்.

அந்தப் பையன் இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான். அவன் வகுப்பில் ஒருத்தனுக்கு டாக்டர் மாமா இருக்கிறாராம், இன்னொருத்தனுக்குக் கலெக்டர் ஆபீஸ் மாமா. இவன் யாரிடமும் தாழ்ந்துபோவதில்லை. போன வாரம் தன் சிநேகிதர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து, என் எதிரே வரிசையாக நிற்கவைத்து, "இவருதான் எங்க கோழி மாமா" என்றான். எங்கள் குடும்பத்தில் எனக்கு வேறு பெயர் கிடையாது. பட்டம் வாங்கிய அன்று நின்றது மாதிரியே நானும் நிமிர்ந்து நின்றேன்.